பத்துப் பேர் எழுத வேண்டும்

காலையில் நிரப்பி எடுத்துக்கொண்டு போகும் தண்ணீர் பாட்டில், மாலையில் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பி வரும். பதினொரு வருடமாக இதுதான் வழக்கம். டிக்கெட்டக்கா வாசலில் செருப்பைக் கழற்றியதும், உள்ளே போகும் முன்பு, அந்தத் தண்ணீரைப் படியோரத் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிடுவாள். அந்தச் செடிக்கு வீட்டில் வேறு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஊற்ற வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர் முதல் சில வருடங்கள் இதைக் கவனிக்கவே இல்லை. கவனித்த பிறகு கேலி செய்தார். "தினமும் தண்ணிக்கு ஊர் சுத்திக் காட்டிட்டு வர்ற" என்பார். குடித்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டிய புருஷனிடம்கூட விளக்கிச் சொல்லக் கூச்சப்படுகிற ஆள் அவள்.

தேசியப் பூங்காவின் நுழைவாயிலில் டிக்கெட் கொடுப்பது அவள் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் டிக்கெட்டக்கா, அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும். அவளுடைய அறை நாலடிக்கு ஐந்தடி. ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, பணம் போடும் இழுப்பறை, டிக்கெட் அடிக்கும் சின்ன மிஷின். ஜன்னலுக்கு மேலே வெளிப்பக்கமாக ஒரு பச்சைப் பலகை: 'உங்கள் நுழைவுக் கட்டணம் இந்தப் பூங்காவின் மேம்பாட்டுக்கே செலவிடப்படுகிறது.'

அதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் சும்மா நகர மாட்டார்கள். ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "இந்தக் காசெல்லாம் யார் வயித்துக்குப் போகுது?" என்று கேட்பார்கள், என்னவோ அவள் வயிற்றுக்குத்தான் போகிறது என்பது மாதிரி. அந்த வயிற்றில் அந்த நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீர்கூட இருக்காது.

உண்மையில் பணம் போகிற இடம் அவளுக்குத் தெரியும். ஏரிக்கரையில் நிற்கும் பார்வைக் கோபுரம் டிக்கெட் பணத்தில் எழுந்தது. முன்பு முழங்கால் வரை சேறாக இருந்த இடத்தில் இப்போது பலகைப் பாதை இருக்கிறது. சக்கர நாற்காலியில் வரும் ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர் மாதம் ஒருமுறை அதில் போய்க் கொக்கு பார்த்துவிட்டு வருகிறார். அறுந்து கிடந்த வேலியைக் கட்டியதும் இந்தப் பணம்தான். அதையெல்லாம் நினைத்தால் அவளுக்குப் பெருமையாகக்கூட இருக்கும். ஆனால் அதே பணத்தில்தான் நுழைவாயிலில் ஒரு சிமெண்ட் வளைவும் எழுந்தது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு மான்கள். ஒன்று ஆடு மாதிரி இருக்கும். இன்னொன்று எந்தப் பிராணி மாதிரியும் இருக்காது.

பணம் போகாத இடம் ஒன்று உண்டு. நுழைவாயிலில் கழிப்பறை கிடையாது.

இருப்பது ஏரிக்கரையில், வாசலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. ஊழியர் ஜீப் அங்கே காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போகும். நடுவில் நடந்து போய் வர வேண்டுமென்றால் ஒரு மணி நேரம். கவுண்டரைப் பத்து நிமிடத்துக்கு மேல் மூடக் கூடாது என்பது விதி. எதிரே பஸ் நிறுத்தம், பக்கத்தில் வண்டிகள் நிறுத்தும் திடல், சுற்றிலும் கண்கள். தடுப்புக் கம்பியில் டிக்கெட் சரிபார்க்கும் காவலருக்கு எந்தக் கவலையும் இல்லை. எதற்கெடுத்தாலும் விதி பேசுவதால் அவருக்குச் சட்டம் என்று பெயர். அப்படிப்பட்ட சட்டமும் அவசரம் என்றால் மரத்துக்குப் பின்னால் போய்விட்டு, சீட்டி அடித்துக்கொண்டே திரும்பி வருவார். ஆண்களுக்கு அந்தக் காடு முழுக்கக் கழிப்பறை. டிக்கெட்டக்காவுக்கு இருந்தது ஒரே வழிதான்: குடிக்காமல் இருப்பது.

பதினோராம் வருடம் கோடையில் இடுப்பில் வலி வந்தது. உட்கார முடியாமல், நிற்க முடியாமல், தரையில் புழுவாகச் சுருண்டாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சிறுநீரகத்தில் இரண்டு கல் இருக்கிறது என்றாள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்டாள். டிக்கெட்டக்கா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். மகள்தான், நர்ஸ் படிப்பு படிக்கிறவள், பாட்டில் கதையைச் சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். தினமும் மூன்று லிட்டர் குடிக்க வேண்டும்; குடித்தால் கல் தானாகப் போகலாம்; குடிக்காவிட்டால் அடுத்த கோடையில் கத்தி வைக்க வேண்டி வரும், சிறுநீரகமும் கெடலாம் என்றாள். கடைசியில், "அங்க குடிக்க முடியலைன்னா அந்த வேலையை விட்டுடும்மா" என்றாள்.

வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு. கணவர் வேலையை விடச் சொன்னார். மகள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஒற்றைச் சம்பளத்தில் அது நடக்காது என்பது அவருக்கும் தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு, நிழலில் உட்கார்ந்து செய்கிற இன்னொரு வேலை எந்த மரத்திலும் காய்க்கவில்லை. ஆக, வாசலில் ஒரு கழிப்பறை வர வேண்டும், அல்லது அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

அவள் பூங்காவை நிர்வகிக்கும் ரேஞ்சரிடம் போய் நின்றாள். என்ன சொல்வது என்று ஜீப்பில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது. ரேஞ்சர் நல்ல மனிதர், அவளைவிடச் சின்னவர். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு நெற்றியைத் தேய்த்தார்.

"அக்கா, இது பார்வையாளர் கட்டின பணம். பார்வையாளருக்குத்தான் செலவு பண்ணலாம். ஊழியருக்குன்னு ஒரு செங்கல் வச்சாலும் தணிக்கையில என் தலை உருளும்."

ஊழியருக்கு என்று தனியாகப் பணம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறதாம், சீருடைக்கும் டார்ச் லைட்டுக்கும். பார்வையாளர்களும்தானே தினமும் வாசலில் நின்று கேட்கிறார்கள் என்றாள். கேட்டால் போதாது, எழுத வேண்டும் என்றார் ரேஞ்சர்.

அதற்கும் விதி இருந்தது. கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடியும்; அதற்குள் பத்துப் பார்வையாளர்கள், டிக்கெட் எண்ணோடு, ஒரே விஷயத்தைக் கருத்துப் புத்தகத்தில் எழுதினால் அது அடுத்த வேலைப் பட்டியலில் ஏறும். மான் வளைவு அப்படித்தான் ஏறியது. படம் எடுத்துக்கொள்ள வாசலில் அழகாக ஒன்றும் இல்லை என்று சுற்றுலா பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம் எழுதிவைத்துவிட்டுப் போனது.

புத்தகம் எங்கே இருக்கிறது? ஏரிக்கரையில், கழிப்பறைக்கு நேர் எதிரே, ஒரு மேஜை மேல்.

இதை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள், டிக்கெட் வாங்கும் முன்பே, "டாய்லெட் எங்கக்கா?" என்று கேட்பார்கள். அவள் இரண்டு கிலோமீட்டரைச் சொல்வாள். முகம் சுருங்கும், திட்டுவார்கள், அரசாங்கத்தையும் அவளையும் சேர்த்துத்தான். அடித்துப் பிடித்து ஏரிக்கரைக்கு ஓடுவார்கள். திரும்பும்போது புத்தகம் கண்ணில் படும்; ஆனால் அப்போது மனசு லேசாகி, உலகமே அழகாகத் தெரியும். ஆற்றைக் கடந்தவனுக்கு ஓடக்காரன் நினைப்பு எதற்கு?

அந்தப் புத்தகத்தை அவள் மாதம் ஒருமுறை எடுத்துப் படிப்பது உண்டு. வேறு யாரும் முழுதாகப் படிப்பதில்லை. அலுவலகக் குமாஸ்தா முதல் வரியைப் பார்த்து, இது மிருகம், இது பாதை, இது உணவு என்று வகை பிரித்துவிடுவார். அவள் ஒவ்வொன்றையும் கையெழுத்து வரை படிப்பாள். 'மான்கள் அருகில் வரவில்லை, ஊழியர்கள் கவனிக்கவும்.' 'பறவைகள் சத்தம் அதிகம்.' 'சிறுத்தை தெரியவில்லை' என்பது பக்கத்துக்கு இரண்டு.

கூச்சத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லிப் பார்த்தாள்: ஏரிக்கரையில் ஒரு புத்தகம் இருக்கும், வாசலில் நீங்கள் பட்ட கஷ்டத்தைக் கொஞ்சம் எழுதிவிட்டு வாருங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு மாதம் கழித்துப் புத்தகத்தைத் திறந்தாள். நான்கு பேர் எழுதியிருந்தார்கள். 'டிக்கெட் கொடுக்கும் அம்மா தன்மையாகப் பேசினார். பாராட்டுகள்.' நான்கும் ஏறக்குறைய அதுதான்.

ரேஞ்சர் மகிழ்ந்துபோய் அவளுக்குக் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக்கு மேல் கவிழ்த்துவைத்தாள். அன்று பாட்டிலில் இருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றவில்லை. படியில் உட்கார்ந்து மடமடவென்று முழுவதையும் குடித்தாள். பிறகுதான் அழுதாள்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள். கணவரின் அக்கா, மாவு மில் நடத்துகிறவள். மில் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, காதோடு சொல்லும் ரகசியம்கூட மூன்று வீட்டுக்குக் கேட்கும். டிக்கெட்டக்கா வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்வதற்குள் நாத்தனாருக்கு முழு விஷயமும் பிடிபட்டுவிட்டது.

"பத்துப் பேர் வேணும், அவ்வளவுதானே? நம்ம வீட்டுல பத்துப் பேருக்கா பஞ்சம்?"

"நம்ம ஆளுங்க எழுதினா தப்பில்லையா அண்ணி?"

"டிக்கெட் வாங்கினா நாங்களும் பார்வையாளர்தான். பதினோரு வருஷமா நீ கூப்பிட்டு ஒருத்தராவது வந்தோமா? இப்ப வர்றோம்."

உண்மைதான். காட்டில் என்ன இருக்கப் போகிறது, மரம்தானே என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

அடுத்த விடுமுறை நாளில் புறப்பட்டார்கள். டிக்கெட்டக்கா, கணவர், மகள், நாத்தனார், அவள் கணவர், அவர்களுடைய மகனும் மருமகளும், டிக்கெட்டக்காவின் தம்பி, தம்பி மனைவி. ஒன்பது பேர்தான் தேறினார்கள் என்று எதிர்வீட்டுத் தையல்காரியையும் பஸ்ஸில் ஏற்றியாயிற்று. பஸ் கிளம்பியதும் நாத்தனார் ஒரு பையைத் திறந்தாள். பத்து பாட்டில் தண்ணீர்.

"ஆளுக்கு ஒண்ணு. இறங்கறதுக்குள்ள காலியாகணும். சும்மா வந்து பொய் எழுதக் கூடாது. அவதிப்பட்டுட்டுத்தான் எழுதணும்."

தம்பி சிரித்தான். நாத்தனார் பார்த்த பார்வையில் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குடித்தான். பாதி வழியில் பேச்சு குறைந்தது. முக்கால் வழியில் தையல்காரி, ஓட்டுநர் ஏன் எல்லாப் பள்ளத்திலும் விடுகிறார் என்று புலம்பினாள். நுழைவாயிலில் இறங்கியபோது பத்துப் பேரும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். கவுண்டரில் அன்று மாற்று ஆள். ஊழியருக்கு எதற்கு டிக்கெட் என்று டிக்கெட்டக்காவைப் பார்த்து வாதாடத் தொடங்கினான். மிஷினில் தாள் வேறு தீர்ந்துபோயிருந்தது. அவன் அதை நிதானமாக மாற்றினான். நாத்தனாரின் கணவர், மனைவிக்கு எதிராக வாழ்க்கையில் ஒரு வார்த்தை பேசாதவர், "நீ மனுஷிதானாடி?" என்று மெல்லக் கேட்டார்.

இரண்டு கிலோமீட்டர். பலகைப் பாதையையும் பார்க்கவில்லை, கொக்கையும் பார்க்கவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போன பத்துப் பேரைப் பார்த்து எதிரே வந்தவர்கள், சிறுத்தை துரத்துகிறதோ என்று பயந்து திரும்பிப் பார்த்தார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. தம்பி ஏரிப் பக்கம் நழுவப் பார்த்தான். நாத்தனார் புத்தகத்துக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். அவரவர் பட்டதை அவரவர் எழுத்தில், டிக்கெட் எண் போட்டு எழுதினார்கள். தையல்காரி ஒரு முழுப் பக்கம் எழுதினாள். டிக்கெட்டக்கா ஒரே வரி எழுதினாள்: 'நுழைவாயிலில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும்.' பிறகுதான் எல்லோரும் கோபுரத்தில் ஏறினார்கள். "இது உன் டிக்கெட்ல கட்டினதா?" என்று கணவர் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அவர் கைப்பிடிக் கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. பரவாயில்லை என்றார்.

பத்து நாள் கழித்து ரேஞ்சர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் புத்தகம் திறந்து கிடந்தது. குமாஸ்தா கையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"பத்தும் அடுத்தடுத்த நம்பர்" என்றார் ரேஞ்சர். "பத்துப் பேருக்கும் ஒரே நேரத்துல முட்டிக்கிட்டு வந்திருக்கு. இதை எப்படிக்கா நான் மேல அனுப்பறது?"

அவள் தரையைப் பார்த்தாள். தரையில் ஒரு ஓடு விரிசல் விட்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மான் வளைவுக்கும் அடுத்தடுத்த நம்பர்தான் சார். ஒரே பஸ்ல வந்தவங்க. நான்தான் டிக்கெட் அடிச்சேன்."

ரேஞ்சர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாகத் தலையசைத்தார். ஆனால் விடவில்லை. அவள் எழுதிய வரியின் மேல் சிவப்புக் கோடு போட்டார். ஊழியர் எழுதினால் செல்லாது, டிக்கெட் வாங்கினாலும் செல்லாது என்றார். ஒன்பது. மூன்று மாதக் கணக்கு அன்றோடு முடிகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடுவதில்லை என்பதை அவள் அன்று சிவப்பு மையில் பார்த்தாள்.

வேறு நாளாக இருந்தால் சரி என்று திரும்பியிருப்பாள். இடுப்புக்குள் இருந்த கல்தான் அவளை நிறுத்தியது என்று சொல்ல வேண்டும்.

"இருபத்தாறாம் பக்கம் பாருங்க சார்."

குமாஸ்தா பார்த்தார். "சிறுத்தை தெரியவில்லைன்னு இருக்கு. இதை மிருகத்துல சேர்த்தாச்சு."

"ரெண்டாவது வரியைப் படிங்க."

குமாஸ்தா படிக்கவில்லை. ரேஞ்சர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி வாய்விட்டுப் படித்தார். 'தெரிந்திருந்தாலும் ரசித்திருக்க முடியாது. வாசலில் ஒரு கழிப்பறை கட்டுங்கள் ஐயா, என் மனைவி அழுதுவிட்டாள்.' கீழே டிக்கெட் எண் இருந்தது. தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது.

ரேஞ்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா மட்டும், ஒரே பதிவு இரண்டு வகையில் வரலாமா என்று கடைசிவரை முனகிக்கொண்டிருந்தார்.

கட்ட ஆறு மாதம் ஆயிற்று. கவுண்டருக்குப் பக்கத்திலேயே கட்டலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். டிக்கெட் பணத்தில் கட்டுவது டிக்கெட் வாங்கியவர்களுக்குத்தான் என்று, தடுப்புக் கம்பிக்கு உள்ளே முப்பதடி தள்ளிக் கட்டினார்கள். பரவாயில்லை, முப்பதடிதானே என்று அவள் திறப்பு நாள் காலையில் ஒரு பாட்டில் தண்ணீரை வீட்டிலேயே குடித்துவிட்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். பதினொரு மணிக்குக் கவுண்டரைப் பூட்டிவிட்டு எழுந்து நடந்தாள்.

தடுப்புக் கம்பியில் நின்ற சட்டம் கையை நீட்டினார். "டிக்கெட்?"

"நான்தாண்ணே."

"தெரியுது. கழிப்பறைப் பலகையில என்ன போட்டிருக்கு? டிக்கெட் வாங்கின பார்வையாளருக்கு மட்டும்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு அவர் வழக்கமாகப் போகும் மரத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி அவரைப் பார்த்தாள். அவர் முகம் கொஞ்சம் சிவந்தது. ஆனால் கம்பி உயரவில்லை. அவள் கவுண்டருக்குத் திரும்பிப் போய், தன் பணத்தை இழுப்பறையில் போட்டு, தனக்கே ஒரு டிக்கெட் அடித்துக்கொண்டு வந்தாள். அவர் அதைக் கிழித்துக் கொடுத்து, "இனிய பயணமாக அமையட்டும்" என்றார். எல்லோருக்கும் சொல்வதுதான்.

மாலையில் ரேஞ்சரிடம் சொன்னாள். அவர் மறுபடி நெற்றியைத் தேய்த்தார். தணிக்கைக்காரர் வந்தால் இதைத்தான் முதலில் கேட்பார் என்றார். காலையில் நடக்க வருகிறவர்கள் வாங்கும் ஆண்டு அட்டை ஒன்று இருக்கிறதே, அதை வாங்கிவிடுங்கள் அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்றார். கணவர் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். நீ விற்கிற டிக்கெட்டை நீயே வாங்கி, அந்தக் காசில் கட்டிய இடத்துக்கு நீயே போகிறாய், நன்றாகத்தான் இருக்கிறது என்றார். சிரித்து முடித்தபின் அட்டைக்குப் பணம் அவர்தான் கொடுத்தார்.

இப்போது டிக்கெட்டக்காவின் கழுத்தில் இரண்டு அட்டைகள் தொங்குகின்றன, ஒன்று ஊழியர் அட்டை, இன்னொன்று பார்வையாளர் அட்டை. சட்டம் ஒரு நாளைக்கு நான்கு முறை இரண்டாவது அட்டையின் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தூக்குகிறார். பாட்டில் மாலையில் காலியாக வீடு திரும்புகிறது. இரண்டு கல்லில் ஒன்று போய்விட்டது. மற்றது சின்னதாகிவிட்டதாக ஸ்கேனில் தெரிகிறது. செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று வீட்டில் தினமும் தகராறு. காசெல்லாம் எங்கே போகிறது என்று யாராவது ஜன்னலில் தலையை நீட்டினால், அவள் உள்ளே முப்பதடி தூரத்தைக் கை காட்டுகிறாள். பெண்கள் பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்க மறந்துவிட்டார்கள். அதற்குப் புத்தகத்தில் ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். இன்னும் மூன்று பேர் வேண்டும்.